மகள் போட்டது என்றார் அப்பா

மார்ச் 3, செவ்வாய்

அப்பா ஒரு திருடர். என்னிடமிருந்து எடுத்து அக்காவிடம் கொடுத்துவிட்டார். அதுவும் என் கண்ணெதிரே.

பொருள் எங்கும் போகவில்லை. நான் எம்ப்ராய்டரி போட்ட துணி கூடத்துச் சுவரில் மாட்டிய இடத்திலேயே இருக்கிறது. காணாமல் போனது அதைப் போட்டவன். இன்று சாயங்காலம் லாரிக் கம்பெனி முதலாளியும் அவர் மனைவியும் சீட்டுகளுக்கு ரெக்சின் நிறம் பார்க்க வந்தார்கள். அப்பாவின் சீட் கவர் கடை எங்கள் வீட்டின் முன்பக்கம்தான். வாடிக்கையாளர் பெரிய ஆளாக இருந்தால் கூடத்துக்குள் கூப்பிட்டு உட்காரவைப்பார். அந்த அம்மாள் ரெக்சினைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே சுவருக்குப் போய், துணியில் மூக்கு இடிக்கிற மாதிரி நின்றுகொண்டு, "யாருங்க இதைப் போட்டது?" என்றார்.

"மக போட்டது" என்றார் அப்பா.

கண் இமைக்கவில்லை. தொண்டையைச் செருமவில்லை. நான் டீத் தட்டோடு பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

மகளாம்! சட்டைப் பொத்தான் அறுந்தால் ஸ்டேப்ளர் தேடுகிறவள் அவள்.

மார்ச் 4, புதன்

அந்தத் துணியைப் பற்றி எழுதி வைத்துவிடுகிறேன். இல்லாவிட்டால் அப்பா சொல்கிற ஜோருக்கு, அக்காதான் போட்டாளோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும்.

ஒரு புத்தகம் படித்து முடித்ததும் அதிலிருந்து ஒரு பொருளை எடுத்துத் துணியில் போடுவேன். கதாநாயகனைப் போடமாட்டேன், காதலர்களைப் போடமாட்டேன். கதையின் மூலையில் யாரும் கவனிக்காமல் கிடக்கும் பொருள்தான் வேண்டும். தபால்காரர் ஆற்றைக் கடந்த பிறகு மிஞ்சிய ஒற்றைச் செருப்பு. கைப்பிடி உடைந்த குடை. மூடியில்லாத கெட்டில். விதவை ஒருத்தி அடகு வைக்க மறுத்த, பல் போன சீப்பு. குடை உண்மையில் கறுப்பு. ஆனால் கறுப்பு நூலில் போட்டால் துணியில் ஓட்டை விழுந்த மாதிரி தெரியும், அதனால் கருநீலம். எம்ப்ராய்டரி நூலில் ஆறு இழை இருக்கும். அதைப் பிரித்து இரண்டே இழையாகக் கோத்தால்தான் சீப்பின் பல் கூர்மையாக வரும். இதெல்லாம் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பிரித்துப் பிரித்துப் போட்டுத் தெரிந்துகொண்டது.

படித்ததைப் பற்றிப் பேச ஆள் இல்லாத குறைக்கு ஊசியோடு பேசுகிறேன் என்று வைத்துக்கொள்ளலாம். பகல் முழுக்க ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊரார் கையில் ஊசி குத்துகிறேன். ஒரு முகத்திலும் சந்தோஷம் இருப்பதில்லை. சாயங்காலம் துணியில் குத்துகிறேன். துணி அலறுவதில்லை, "மெதுவாங்க, மெதுவாங்க" என்று கையை இழுத்துக்கொள்வதில்லை.

மார்ச் 6, வெள்ளி

கேட்டேவிட்டேன்.

"ஏம்ப்பா அப்படிச் சொன்னீங்க?"

"எப்படி?"

"மக போட்டதுன்னு."

"பின்ன? லாரிக்காரர் முன்னாடி, என் பையன் சாயங்காலமானா உக்காந்து ஊசியால குடை போடுவான்னு சொல்லச் சொல்றியா? அவர் என்ன நினைப்பாரு?"

"நீங்களும்தானே காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் தைக்கிறீங்க?"

"நான் தைக்கறது சீட்டுடா. அதுல ஆள் உக்காருவான். உன்னோட குடை மேல யாரு உக்காருவா?"

சமையலறையில் அம்மா சிரித்தது இங்கே வரை கேட்டது. அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. எனக்கும்தான்.

சம்பாதிக்கத் தைத்தால் தொழில். ஆசைக்குத் தைத்தால் ஆண்மைக் குறைவு. இதே துணியை அக்கா போட்டிருந்தால் "கைவேலை தெரிஞ்ச பொண்ணு" என்று பாராட்டிவிட்டு, மறுநாளே பக்கத்து வீட்டுத் தலையணை உறைகளையெல்லாம் அவள் மடியில் கொண்டுவந்து கொட்டியிருப்பார்கள். சும்மா. இரண்டு பக்கமும் அயோக்கியத்தனம். யார் இந்த விதியை எழுதினார்கள்? எழுதினவன் ஒரு பொத்தானாவது தைத்திருப்பானா?

மார்ச் 8, ஞாயிறு

விடுமுறை. படித்தேன், தைத்தேன், படித்தேன். இப்படி ஒரு நாள் கிடைத்தால் யாரோடும் சண்டை போடத் தோன்றுவதில்லை. நல்லவேளை, வாரத்துக்கு ஒன்றுதான்.

மார்ச் 10, செவ்வாய்

விஷயம் முற்றிவிட்டது.

லாரி அம்மாள் (இனி அவருக்கு இதுதான் பெயர்) பெண்கள் சங்கத்தின் தலைவியாம். நூலகத்தின் மாடி அரங்கில் பெண்களின் கைவேலைக் கண்காட்சி நடத்தப்போகிறார்களாம். ஒரு மாதம் இருக்குமாம். "உங்க மக போட்ட துணி இல்லாம கண்காட்சியே கிடையாது" என்று கடைக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். திறப்பு நாளன்று மகள் துணிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, வருகிறவர்கள் பார்க்கக் கொஞ்சம் தைத்தும் காட்ட வேண்டுமாம். அப்பா தலையாட்டிவிட்டார். துணியைச் சுவரிலிருந்து கழற்றிச் சுருட்டியும் கொடுத்துவிட்டார்.

நான் வேலையிலிருந்து வந்தபோது சுவரில் ஆணி மட்டும் இருந்தது.

மார்ச் 11, புதன்

அக்கா டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுப்பவள். நாள் முழுக்கப் பிறர் உயிருக்குப் பயந்து பிரேக்கில் கால் வைத்திருப்பதால், வீட்டுக்கு வந்தால் எதற்கும் பயப்படமாட்டாள். விஷயத்தைக் கேட்டதும் முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் அப்பாவைப் பார்த்தாள்.

"பொய் சொல்றதுன்னா கொஞ்சம் நம்பற மாதிரி சொல்ல மாட்டீங்களா? நான் கண்டெய்னர் ஓட்டினேன்னு சொல்லியிருந்தாக்கூட எவனாவது நம்புவான்."

"ஒரு நாள்தாம்மா. சமாளிச்சிடு. என் மானமே இதுல இருக்கு."

அவர் குரல் இறங்கிவிட்டது. அக்காவுக்கு அது தாங்காது. என் பக்கம் திரும்பினாள்.

"கத்துக்கொடுடா."

"உன் பொய்க்கு நான் எதுக்குப் பாடம் நடத்தணும்?"

"என் பொய்யா? நான் தூங்கிட்டிருந்தேன். எழுப்பி மெடல் குத்திட்டாரு."

ஒத்துக்கொண்டேன். ஏன்? அக்கா கேட்டாள் என்று எழுதினால் பாதி உண்மை. மீதியையும் எழுதுகிறேன். துணியை நாலு பேர் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. யார் பெயரில் வேண்டுமானாலும் தொலையட்டும், ஒருத்தராவது அந்தச் செருப்பின் முன்னால் நின்று பார்க்கட்டும். வெட்கங்கெட்ட ஆசைதான்.

மார்ச் 15, ஞாயிறு

முதல் பாடம். துணியை மர வளையத்தில் மாட்டி, முரசுத் தோல் மாதிரி இழுத்துக் கொடுத்தேன்.

"ஊசியை இறுக்கிப் பிடிக்காத. தளர்வா."

"டேய், இது என் வசனம். ஸ்டீயரிங்கைப் பத்தித் தினமும் நான் சொல்றது."

"கண்ணு அடுத்த தையல் எங்க விழணுமோ அங்க இருக்கணும்."

"அதுவும் என் வசனம்."

வசனமெல்லாம் தெரிகிறது, கைதான் கேட்கவில்லை. சங்கிலித் தையல் ஒன்று போதும் என்று முடிவு செய்தேன். நூலை வளையமாக விட்டு, அந்த வளையத்துக்குள்ளிருந்தே அடுத்த வளையத்தை எடுப்பது. அக்காவின் சங்கிலி, பின்னால் லாரி ஹாரன் அடித்தபோது அவள் மாணவர் ஒருவர் ஓட்டிய வண்டி மாதிரி போயிருந்தது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இது என்ன, பாம்பா?" என்றாள். "நேர்கோடு" என்றாள் அக்கா, மிகுந்த கௌரவத்தோடு.

மார்ச் 17, செவ்வாய்

பரிசோதனை நிலையத்தில் ஒருவர் ஊசி போட்டதே தெரியவில்லை என்றார். பதிலுக்கு "சங்கிலித் தையல் பழக்கம்" என்று சொல்லிவிட்டேன். மனிதர் கையை அவசரமாக மடக்கிக்கொண்டு போய்விட்டார்.

மார்ச் 19, வியாழன்

இன்று கதைகள். யாராவது "இது என்ன?" என்று கேட்டால் சொல்ல வேண்டுமே. புத்தகங்களை அடுக்கி வைத்தேன். அக்கா அந்த அடுக்கைப் பார்த்த பார்வை, பழுதான வண்டியை வாங்கச் சொன்ன மாதிரி இருந்தது.

"படிக்கல்லாம் முடியாது. சுருக்கமாச் சொல்லு. இந்தச் செருப்பு யாரோடது?"

"ஒரு தபால்காரரோடது. ஆத்தைக் கடக்கறப்போ ஒண்ணு அடிச்சிட்டுப் போயிடுது. மிச்சக் கதை முழுக்க ஒத்தைச் செருப்போடயே நடக்கறாரு."

"ஏன்? அந்த இன்னொண்ணையும் தூக்கிப் போட வேண்டியதுதானே?"

எனக்குக் கோபம் வந்தது. நாவலின் கேள்வியே அதுதான். அதைக் கண்டுபிடிக்க நான் கடைசி அத்தியாயம் வரை போக வேண்டியிருந்தது. இவள் உட்கார்ந்த இடத்தில் கேட்டுவிட்டாள்.

ஆனால் பத்து நிமிஷத்தில் எல்லாவற்றையும் கலக்கிவிட்டாள். குடையைத் தபால்காரரிடம் கொடுத்தாள், கெட்டிலை விதவையிடம் கொடுத்தாள். ஒரே ஊரில் எல்லோரையும் குடிவைத்துவிட்டாள். அவள் சொன்ன கதையும் மோசமில்லை.

மார்ச் 22, ஞாயிறு

எங்கே ஆரம்பிப்பது? இன்று கண்காட்சித் திறப்பு நாள்.

அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். அக்கா முழங்கால் வரை தொங்கும் புதுச் சட்டை போட்டிருந்தாள். என் துணி நடு மேசையில் இருந்தது. பக்கத்தில் அட்டை: "சீட் கவர் கடை உரிமையாளரின் மகள்." அக்கா நாற்காலியில் உட்கார்ந்து, வளையத்தை மடியில் வைத்துக்கொண்டு, நேர்கோடு போட ஆரம்பித்தாள். நான் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றேன்.

நின்ற நேரத்தில் மற்ற மேசைகளைப் பார்த்தேன். மேசை விரிப்பு, குழந்தைச் சட்டை, திரைச்சீலை. ஒரு தலையணை உறையில் போட்டிருந்த முடிச்சுத் தையலைப் பார்த்து எனக்குப் பொறாமையே வந்துவிட்டது. ஒவ்வொரு முடிச்சும் கடுகு மாதிரி, ஒரே அளவு. போட்டது யார் என்று அட்டையைப் பார்த்தேன். "டாக்டரின் தாயார்." அடுத்தது "மளிகைக் கடைக்காரரின் மனைவி." அதற்கடுத்தது "ஓய்வுபெற்ற மேலாளரின் மகள்." அரங்கம் முழுக்க நடந்து பார்த்தேன். ஒருத்தியின் பெயர்கூட இல்லை. பெண்கள் சங்கம் நடத்துகிற பெண்கள் கண்காட்சி! என் பெயர் போய்விட்டது என்று நான் இத்தனை நாளாகக் குதித்துக்கொண்டிருக்கிறேன். இங்கே யாருக்குமே பெயர் இல்லை, ஒருவரும் முணுமுணுக்கக்கூட இல்லை.

லாரி அம்மாளிடம் போய்க் கேட்டேன். "ஏன் யார் பேரும் போடல?"

"இப்படிப் போட்டாத்தாம்ப்பா யாருன்னு தெரியும்."

"டாக்டரா தச்சாரு?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அதற்குள் நடு மேசைப் பக்கம் கூட்டம் கூடிவிட்டது. கீழே நூலகத்தில் புத்தகம் எடுத்துக்கொடுக்கும் அம்மாள் மேலே வந்து, துணியைக் கையால் தொடாமல் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தச் சீப்பு எந்தக் கதைம்மா?"

"இதுவா? இது தபால்காரரோட சீப்பு" என்றாள் அக்கா, டிரைவிங் ஸ்கூல் குரலில்.

"தபால்காரருக்குத் தலையில முடியே கிடையாதே!"

அக்கா திகைக்கவில்லை. "அதனாலதான் பல்லு போயிடுச்சு. உபயோகமே இல்ல பாருங்க" என்றாள்.

கூட்டம் சிரித்தது. நூலக அம்மாள் சிரிக்கவில்லை. "அந்தப் புத்தகத்தை இங்க என்னைத் தவிர ஒருத்தர்தான் எடுத்துப் படிச்சிருக்காரு" என்று சொல்லிவிட்டு மெதுவாகத் திரும்பித் தூணைப் பார்த்தார். நான் தூணோடு தூணாக ஒட்டிக்கொண்டேன்.

பேச்சை மாற்ற அக்கா எழுந்தாள். எழுந்ததும் வளையமும் கூடவே எழுந்தது. அவள் முட்டியில் தொங்கியது. அரைமணி நேரமாகத் துணியையும் தன் சட்டையையும் சேர்த்தே தைத்திருக்கிறாள்! மடியில் வைத்துத் தைக்கிற எல்லோருக்கும் ஒரு தடவையாவது நடந்திருக்கும் விஷயம்தான். ஆனால் எல்லோரும் வீட்டில் தைப்பார்கள். உதறிப் பார்த்தாள், வரவில்லை. இழுத்துப் பார்த்தாள், சட்டை கிழிகிற சத்தம் கேட்டது. அவ்வளவுதான்.

"அட போங்க! இதைப் போட்டது நான் இல்ல. எனக்குப் பொத்தான்கூடத் தைக்க வராது. அதோ, தூணுக்குப் பின்னாடி பல்லி மாதிரி ஒட்டிட்டு நிக்கறானே, என் தம்பி, அவன் போட்டது. நான் வண்டி ஓட்டக் கத்துக்கொடுக்கறவ. யாருக்காவது லைசென்ஸ் வேணும்னா சொல்லுங்க."

எல்லோரும் தூண் பக்கம் திரும்பினார்கள். அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். லாரி அம்மாள் அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, "பெண்கள் கண்காட்சின்னு போர்டு வச்சிருக்கோமேப்பா" என்று இழுத்தார். பிறகு, "சரி, ஒரு ஆம்பளை இருந்தா குடி முழுகிடாது. அட்டையை மாத்திடலாம்" என்றார்.

அப்போதுதான் டாக்டரின் தாயார் எழுந்தார். குள்ளமான மனுஷி, பெரிய கண்ணாடி.

"அப்படின்னா என் அட்டையையும் மாத்து. என் பையன் ஒரு முடிச்சுகூடப் போடல. அவன் போட்ட தையல் எல்லாம் அடுத்தவன் வயித்துலதான்."

அதற்குப் பிறகு யாரும் யாரையும் கேட்கவில்லை. அட்டைகள் டர் டர்ரென்று கிழிந்தன. ஒரே பேனா மேசைக்கு மேசை ஓடியது. சிலர் தங்கள் பெயரை எழுதிவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்று, அடுத்தவர் பெயரைப் படிப்பதுபோல் படித்தார்கள். மளிகைக் கடைக்காரரின் மனைவி தன் பெயருக்குக் கீழே ஒரு கோடும் போட்டார். லாரி அம்மாள்கூடத் தன்னுடைய திரைச்சீலைக்குப் புது அட்டை எழுதிக்கொண்டார்.

கடைசியில் பேனா என்னிடம் வந்தது. நானே எழுதியிருக்கலாம். ஆனால் எடுத்தவர்தானே திருப்பி வைக்க வேண்டும்? பேனாவை அப்பாவிடம் நீட்டினேன்.

"நீங்க எழுதுங்கப்பா."

பேனாவைப் பார்த்தார். சட்டைப் பையைத் தடவிக்கொண்டார். கண்ணாடி கொண்டுவரவில்லை என்று ஏதோ முணுமுணுத்துவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார்.

நூலக அம்மாள் காலி அட்டையைத் துணிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார். "இருக்கட்டும். கண்காட்சி ஒரு மாசம் இருக்கே" என்றார்.

மார்ச் 23, திங்கள்

அப்பா என்னோடு பேசவில்லை. எதிரில் நான் உட்கார்ந்திருக்கும்போதே அம்மாவிடம், "அவனைச் சாப்பிடச் சொல்லு" என்கிறார். அம்மா, "அவர் உன்னைச் சாப்பிடச் சொல்றாரு" என்கிறாள். நான், "சாப்பிட்டுக்கிட்டேதான் இருக்கேன்னு சொல்லு" என்கிறேன். அம்மா இரண்டு பக்கமும் மொழிபெயர்த்துக்கொண்டு சந்தோஷமாக இருக்கிறாள்.

மார்ச் 24, செவ்வாய்

இல்ல, நிஜமாவே கேக்கறேன், அப்படி என்ன பெரிசாக் கேட்டுட்டேன்? ஒரு வரி. அதுவும் பொய் இல்ல, உண்மை. எழுதினா கை என்ன தேஞ்சா போயிடும்?

அக்காவின் சட்டையைத் துணியிலிருந்து பிரித்துக் கொடுத்தேன். சங்கிலி கடைசிப் பகுதியில் நேராகத்தான் வந்திருந்தது. சொன்னேன். "அப்ப அதை ஃப்ரேம் பண்ணி மாட்டு" என்றாள்.

மார்ச் 27, வெள்ளி

விஷயம் லாரி ஷெட் முழுக்கப் பரவிவிட்டது. ஒரு டிரைவர் இன்று கடைக்கு வந்து, "மேஸ்திரி, உங்க பையன் பூ போடுவானாமே! என் சீட்டுக்கு நடுவுல ஒரு ரோஜா போடச் சொல்லுங்க, உக்காரும்போது வாசனையா இருக்கும்" என்று கிண்டல் செய்திருக்கிறார். கூட இருந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். அக்கா உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாளாம். இதோ, அக்கா சொன்னபடியே எழுதுகிறேன்.

அப்பா மெஷினை நிறுத்தவில்லையாம். தலை நிமிராமலே, "அவன் பூவெல்லாம் போடறதில்ல. படிச்சுட்டுப் போடறவன். கேட்டவனுக்கெல்லாம் போட மாட்டான்" என்றாராம்.

"நிஜமாவா?" என்றேன்.

"சத்தியமா. அப்புறம் அப்பா அந்த டிரைவரோட சீட்டு அளவைத் தப்பா எடுத்துட்டாரு. முகம் பூரா எள்ளும் கொள்ளும் வெடிச்சுது."

என்னிடம் சொல்ல வராத வார்த்தை டிரைவரிடம் வந்திருக்கிறது. சந்தோஷப்படுவதா, சண்டை போடுவதா? இரண்டும் ஒன்றாக வருகிறது.

மார்ச் 29, ஞாயிறு

கடைக்கு விடுமுறை. மத்தியானம் கூடத்தில் புதுத் துணியை வளையத்தில் மாட்டி, சட்டைக்கு மேல் மாட்டுகிற கோட்டு ஒன்றைப் போட ஆரம்பித்தேன். கடை ரெக்சின் வாசனையோடு அப்பா வந்து எதிரில் உட்கார்ந்தார். மொழிபெயர்க்க அம்மா இல்லை. அக்காவோடு வெளியே போயிருந்தாள்.

துணியை எட்டிப் பார்த்து, "என்ன அது?" என்றார்.

"கோட்டு."

"அது தெரியுது. யாரோடது?"

"அண்ணன் தம்பி ரெண்டு பேரோடது. இருக்கறது ஒரே கோட்டு. ரெண்டு பேருக்கும் ஒரே கம்பெனியில, ஒரே நாள்ல இன்டர்வியூ."

"ஒருத்தன் போயிட்டு வந்து கழட்டிக் கொடுக்கலாமே."

"அப்படித்தான் பேசிக்கறாங்க. தம்பி வாசல்ல நிக்கறான், அண்ணன் உள்ள போறான். போனவன் வெளியவே வரல."

அப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அவர் ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்து நான் பார்த்ததில்லை.

"ஏன் வரல?"

ஊசியைத் துணியில் குத்தி நிறுத்தினேன்.

"வேற வழியா ஓடிட்டானா? அதே வேலையில உக்காந்துட்டானா? தம்பி அங்கேயேவா நிக்கறான்? ஏன்டா, சொல்லேன்."

"சொல்றேன். நூலகத்துல அந்த அட்டை இன்னும் காலியாத்தான் இருக்கு. முதல்ல அதுல என்ன எழுதறதுன்னு நீங்க சொல்லுங்க."

அப்பா துணியைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். எழுந்து போவார் என்று நினைத்தேன். போகவில்லை. நாற்காலியின் கைப்பிடியில் பிரிந்திருந்த நூலைத் திருகித் திருகி விட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

"ஒரே ஒரு தடவைப்பா. யாரும் இல்ல, நான் மட்டும்தான் இருக்கேன். சொல்லுங்க. அதைப் போட்டது யாரு?"